கிரவுன் பினியனை மாற்றினால் கார் பறக்குமா?

பழைய புதுச்சேரித் தெருக்கள், பிரெஞ்சுப் பள்ளி நாட்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த வாரம் ஏன் மோட்டார் வண்டிக்குள் தலையை விட்டான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் பேரன்.

மகள் வயிற்றுப் பேரன். பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, பின்சக்கரத்தில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது ஆரம்பித்தான்.

"தாத்தா, காருக்குப் பின்னாடி பொன் கூர் போடலாம்னு இருக்கேன். இப்ப மூணு ஐம்பத்தஞ்சு. அதை நாலு பத்தா மாத்தணும். மாத்தினா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்னு கராஜ்ல சொல்றாங்க."

"எவ்வளவுப்பா ஆகும்?"

"ரெண்டு மாசச் சம்பளம் ஆகும். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு."

பொன் என்றதும் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு மொழியில் பொன் என்றால் பாலம். காரின் பின் அச்சையும் அப்படித்தான் சொல்வார்கள். கூர் என்றால் குட்டை. நம் ஊர் மெக்கானிக் கடையில் இதையே "கிரவுன் பினியன் மாத்துறது" என்பார்கள். பொதுவாக "டிஃபரன்ஷியலை மாற்றுவது" என்றும் சொல்லப்படுகிறது.

நான் மெக்கானிக் இல்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டிய குமாஸ்தா. ஆனால் இந்தக் கிரவுன் பினியன் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பேரனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு சக்கரம் தேய்த்துக்கொண்டுதான் போகும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் சிறு பல்சக்கரக் கூட்டம்தான் உண்மையான டிஃபரன்ஷியல். பாரிஸ் நகரத்தில் தொழிற்கலைகளுக்கான கன்செர்வத்துவாரில் பட்டறைத் தலைவராக இருந்த ஒனேசிஃபோர் பெக்கேர் என்ற கடிகாரத் தொழிலாளி, 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திய சங்கதி இது.

பேரன் மாற்ற நினைப்பது அந்தச் சிறு பல்சக்கரங்களை அல்ல. அவற்றைச் சுமந்துகொண்டு சுற்றும் பெரிய வட்டப் பல்சக்கரமான கிரவுனையும், அதோடு கோத்து அதைச் சுழற்றும் சிறிய பினியனையும்தான். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் வரும். கிரவுனில் 39 பல், பினியனில் 11 பல் என்றால் 3.55. கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.10. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும். எண் பெரிதானால் பிரெஞ்சில் குட்டை, எண் சிறிதானால் நெட்டை. குட்டை என்பது ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரத்தைக் குறிக்கிறது.

39, 41 என்று ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள் என்று தோன்றலாம். முழு எண்ணில் வகுபடாதபடி வேண்டுமென்றே வைப்பதுதான். 40க்கு 10 என்று வைத்தால் பினியனின் ஒரு பல், கிரவுனில் எப்போதும் அதே நான்கு பற்களையே சந்திக்கும். 41க்கு 10 என்றால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாகும்.

எங்கள் பள்ளியில் பௌதிகம் நடத்திய முசே, நெம்புகோல் பாடத்தில் ஒரு விதியை எழுதிப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுப்பார். விசையில் எவ்வளவு லாபமோ, அவ்வளவு தூரத்தில் நஷ்டம். இயந்திரவியலின் பொன்விதி என்பார்கள் இதை. இங்கே பொன் தங்கமேதான். அதற்கு அவர் காட்டிய உதாரணம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம்.

1903இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்ஜ், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியைப் பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. காலின் வலிமைதான் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் வீரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் எண்ணிக்கையுள்ள பற்சில்லுகள். மலை அடிவாரம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, அதிகப் பல் உள்ள பக்கத்தில் சங்கிலியைப் போட்டு மலை ஏறுவார்கள். உச்சியைத் தாண்டியதும் மறுபடி இறங்கித் திருப்ப வேண்டும். 1937இல்தான் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது.

மலைக்குப் போட்ட பக்கத்தோடே சமவெளியில் ஓட்டினால் என்ன ஆகும்? கால் படபடவென்று சுற்றும், சைக்கிள் நகராது. சமவெளிக்குப் போட்ட பக்கத்தோடு மலை ஏறினால் முழங்கால் போய்விடும். எந்தப் பக்கம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் சாலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். காருக்கும் இந்தக் கதைதான், பல் எண்ணிக்கை மட்டும்தான் வேறு.

இனி கார். 1898ஆம் வருடம் டிசம்பர் 24, கிறிஸ்துமஸ் முந்தின இரவு. லூயி ரெனோ என்ற 21 வயது இளைஞன், தன் வீட்டுக் கொட்டகையில் செய்த சின்னஞ்சிறு வண்டியை எடுத்துக்கொண்டு பாரிஸின் மோன்மார்த்ர் மேட்டில் ரூய் லெப்பிக் தெருவில் ஏறிக் காட்டினான். சுமார் 13 சதவீதச் சரிவு. கூடியிருந்த நண்பர்களிடமிருந்து அன்றிரவே பன்னிரண்டு வண்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது என்று சொல்வார்கள். அந்த வண்டியின் விசேஷம் அதன் கியர்பெட்டி. அதுவரை பெரும்பாலான கார்களில் சங்கிலியோ பட்டையோதான் சக்கரத்தைச் சுழற்றும். ரெனோ ஒரு தண்டை நேராகப் பின் அச்சுக்குக் கொண்டுபோனான். அதோடு மேல் கியரில் எந்தப் பல்சக்கரமும் இடையில் வராமல் எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே தண்டும் சுற்றும்படி செய்தான். பிரீஸ் திரெக்த், அதாவது நேர்ப்பிடி என்று அதற்குப் பெயர். 1899இல் காப்புரிமை பெற்றான். பின்னால் வந்த பல கார் உற்பத்தியாளர்கள் இந்த ஏற்பாட்டையே பின்பற்றினார்கள்.

நேர்ப்பிடி வந்ததால் ஒரு விளைவு ஏற்பட்டது. மேல் கியரில் கியர்பெட்டிக்கு வேலை இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மிஞ்சியது கிரவுனும் பினியனும் மட்டுமே. காரின் குணத்தைத் தீர்மானிப்பது அந்த ஒரு வகுத்தல் கணக்கு என்றாகிவிட்டது. அதை மாற்றினால் முதல் கியர் முதல் கடைசி கியர் வரை எல்லாமே ஒரே அளவில் மாறும்.

பந்தயக்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். சங்கிலி ஓடிய காலத்திலேயே பாதைக்குத் தகுந்தபடி பற்சில்லை மாற்றிப் போடுவார்கள். இங்கிலாந்தின் ஃபிரேசர் நாஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1930களிலும் சங்கிலியை விடவில்லை. ஒவ்வொரு கியருக்கும் தனிச் சங்கிலி, தனிப் பற்சில்லு. அந்த வண்டிகளில் டிஃபரன்ஷியலே கிடையாது என்றாலும் விகிதத்தை மாற்றுவது சுலபமாக இருந்தது. அல்சாஸ் பகுதியில் மோல்ஸைம் ஊரில் எட்டோர் புகாட்டி செய்த பந்தயக் கார்களின் பின் அச்சுக் கூட்டில் 13×54, 14×54 என்று பல் கணக்கையே பொறித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர் கலிஃபோர்னியாவின் டெட் ஹாலிபிராண்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர் செய்த பின் அச்சில், எஞ்சினிலிருந்து வரும் தண்டு கிரவுனுக்கு அடியால் புகுந்து பின்பக்க மூடிவரை போகும். அங்கே இரண்டு சாதாரணப் பல்சக்கரங்கள். மூடியைத் திறந்து அந்த ஜோடியைக் கழற்றி வேறு ஜோடி மாட்டினால் விகிதம் மாறிவிடும். கிரவுன் பினியனைத் தொடவே வேண்டாம். அதே ஜோடியை மேல்கீழாக இடம் மாற்றிப் போட்டாலும் இன்னொரு விகிதம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸ் வீரன் சக்கரத்தைத் திருப்பி மாட்டிய அதே வித்தை.

இந்த ஏற்பாடு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரில் பந்தயத் தடம் நீளம், அடுத்த ஊரில் குட்டை. ஒன்று மண், ஒன்று தார். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு ஜோடி. இதுதான் மிகச் சிறந்த விகிதம் என்று ஒன்றை யாராவது கண்டுபிடித்திருந்தால் கழற்றி மாட்டும் வசதிக்கு அவசியமே இருந்திருக்காது.

பேரனின் மனதில் இருக்கும் ஆசை பிறந்தது 1960களின் அமெரிக்காவில். பெரிய எஞ்சினை நடுத்தரக் காரில் பொருத்தி இளைஞர்களுக்கு விற்ற காலம். 1964இல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்த பிறகு இது பெரிய சந்தை ஆயிற்று. வாங்குபவர் படிவத்தில் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது போலவே பின் அச்சு விகிதத்தையும் தேர்ந்தெடுத்தார். சிக்னலிலிருந்து சிக்னல் வரை, அல்லது கால் மைல் நேர்ப் பாதையில், அதாவது 402 மீட்டரில், யார் முந்துகிறார் என்பதே அன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பெரிய எண்தான் பதில். 3.55, 3.91, 4.10, 4.30 என்று எண்ணைச் சொல்லியே பெருமை பேசுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றால் குமாஸ்தாவுக்குக் கை தானாக நகரும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் கியர் நேர்ப்பிடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 833 முறை சுற்றும். 3.55 விகிதத்தில் எஞ்சின் 2,958 சுற்று. 4.10 விகிதத்தில் 3,417 சுற்று. இரண்டுக்கும் வித்தியாசம் 15.5 சதவீதம். சக்கரத்தில் கிடைக்கும் தள்ளுவிசையும் ஒவ்வொரு கியரிலும் அதே 15.5 சதவீதம் கூடும். கராஜ்காரர் பேரனிடம் சொன்னது இந்தப் பாதி. அதில் பொய் இல்லை.

மறுபாதி இது. முதல் கியரின் விகிதம் 2.5, எஞ்சினின் எல்லை 6,000 சுற்று என்றால், 3.55 உள்ள கார் முதல் கியரிலேயே 81 கி.மீ. வேகம் வரை போகும். 4.10 உள்ள கார் 70இலேயே எல்லையைத் தொட்டுவிடும். இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டும். 70க்கும் 81க்கும் நடுவில் பழைய கார் இன்னும் முதல் கியரின் பலத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். புதிய கார் அப்போது இரண்டாம் கியருக்குப் போய்விட்டிருக்கும். அந்த இடைவெளியில் பெரும்பாலும் பழைய கார்தான் வலுவாக இழுக்கும். ஆக, 15.5 சதவீத லாபம் எல்லா வேகத்திலும் கிடைப்பதில்லை. சில இடங்களில் கிடைக்கிறது, சில இடங்களில் திரும்பப் போகிறது. எஞ்சினின் குதிரைச் சக்தி ஒரு துளிகூடக் கூடவில்லை. இருக்கும் சக்தியை எந்த வேகத்தில் செலவழிப்பது என்பதுதான் மாறியிருக்கிறது. சம்பளம் கூடவில்லை, மாதத்தின் முதல் வாரத்திலேயே அதிகம் செலவழிக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. முதல் கியரில் ஏற்கெனவே டயர் வழுக்கிக்கொண்டிருந்தால், மேலும் 15 சதவீத விசை கொடுத்தால் புகைதான் கூடும்.

எஞ்சின் வேகமாகச் சுற்றுவதற்கு ஒரு விலை உண்டு என்பது ஃபோர்டு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. 1969 மாடல் முஸ்டாங்கில் 428 கன அங்குல கோப்ரா ஜெட் எஞ்சினை வாங்குபவர் 3.91 அல்லது 4.30 பின் அச்சைக் கேட்டால், எஞ்சினும் சேர்ந்து மாறும். சூப்பர் கோப்ரா ஜெட் என்று பெயர். அதில் வலுவான கனெக்டிங் ராடுகளும், எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கருவியும் இருக்கும். பின்னால் இரண்டு பல்சக்கரங்களை மாற்றினால் முன்னால் எஞ்சினின் எலும்பையே கெட்டியாக்க வேண்டியிருந்தது என்பதற்கு, செய்த நிறுவனமே கொடுத்த சான்று இது. பழைய வண்டியில் கிரவுன் பினியனை மட்டும் மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் கேள்வியே வேறு. பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஊனோதியேர் என்ற நேர்ப் பாதை கிட்டத்தட்ட 6 கி.மீ. நீளம். 1990இல் நடுவே இரண்டு வளைவுகளைச் செருகும்வரை கார்கள் ஒரே மூச்சில் முழு வேகத்தில் அதில் ஓடின. இரவும் பகலும், சுற்றுக்குச் சுற்று. அங்கே குட்டை விகிதம் போட்டால் பாதி தூரத்திலேயே எஞ்சின் எல்லையைத் தொட்டு அலறும். ஆகவே நெட்டை விகிதம்தான். நம் கணக்கிலேயே பாருங்கள். எஞ்சினின் உச்ச சக்தி 5,500 சுற்றில் கிடைக்கிறது என்றால், 3.55 விகிதத்தில் அது 186 கி.மீ. வேகத்தில் வரும். 4.10 விகிதத்தில் 161 கி.மீ. வேகத்திலேயே வந்துவிடும்.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. விகிதம் அளவுக்கு மீறி நெட்டையாக இருந்தால், காற்றின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு எஞ்சினால் உச்ச சக்திக்கான சுற்றை எட்டவே முடியாது. அப்படிப்பட்ட காரில் குட்டை விகிதம் போட்டால் உச்ச வேகமே கூடும். எனவே குட்டை என்றால் வேகம் குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது.

ஒரே காருக்கு இரண்டு நியாயம் இருந்த கதையும் உண்டு. ஜாகுவார் ஈ-டைப் 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1964இல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்த பிறகு, அமெரிக்காவுக்குப் போன கார்களில் 3.54 விகிதம், மற்ற நாடுகளுக்குப் போனவற்றில் 3.07. அதே எஞ்சின், அதே உடம்பு. வேக வரம்பு உள்ள அமெரிக்கச் சாலையில் சட்டென்று கிளம்பும் சுறுசுறுப்புக்கு மதிப்பு. ஐரோப்பாவின் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நின்று ஓடும் வேகத்துக்கு மதிப்பு. இரண்டில் எது மேம்பட்ட கார்? கேட்டவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தை நிறுத்தியதும் பெரிய எண்களின் காலம் முடிந்தது. அடுத்த வருடமே அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வரம்பு வந்தது. 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம். கம்பெனிகள் உடனே கைவைத்த இடங்களில் ஒன்று அதே கிரவுன் பினியன். இம்முறை எதிர்த் திசையில். 2.73, 2.41 என்று நெட்டையாக்கினார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றியது, பெட்ரோல் குறைந்தது, கார் சோம்பேறி ஆயிற்று. பத்து வருடத்துக்கு முன் எந்த எண்ணைக் கூட்டுவது முன்னேற்றமாக இருந்ததோ, இப்போது அதைக் குறைப்பது முன்னேற்றம் ஆயிற்று.

இந்தச் சண்டைக்கு ஓரளவு சமாதானம் கொண்டுவந்தது கியர்பெட்டிதான். மேலே கூடுதலாக ஓவர்டிரைவ் கியர்களைச் சேர்த்தார்கள். 1997 மாடல் செவர்லே கார்வெட்டின் ஆறு கியர் பெட்டியில் ஆறாவது கியரின் விகிதம் 0.50. பின் அச்சு 3.42ஆக இருந்தாலும் நெடுஞ்சாலையில் எஞ்சின் பாதி வேகத்தில்தான் சுற்றும். சக்கரத்தைத் திருப்பி மாட்ட இறங்க வேண்டாம், இருக்கையிலிருந்தே மாற்றலாம் என்று ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரக் கார் வந்ததும் கதை மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்தது. 2008இல் டெஸ்லா ரோட்ஸ்டர் வந்தபோது, கிளம்பும் வேகம், உச்ச வேகம் இரண்டும் வேண்டும் என்று இரண்டு கியர் பெட்டி வைக்கத்தான் திட்டம். அந்தப் பெட்டி அந்த மோட்டாரின் முறுக்கைத் தாங்கவில்லை. கடைசியில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் திறனைக் கூட்டி, ஒரே கியர் போதும் என்று முடித்தார்கள். விகிதம் சுமார் 8.28. பல் எண்ணிக்கையால் தீராத ஆசை, சக்தியைக் கூட்டியதும் தீர்ந்தது. சக்தி வேறு, விகிதம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனி என் சொந்தக் கணக்கு.

1980களின் நடுவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு வேன் இருந்தது. அதன் லாக் புத்தகம் என் பொறுப்பு. பின் அச்சு ஊளையிட ஆரம்பித்தது. பட்டறையில் கிரவுன் பினியன் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, கழித்துப்போட்ட அதே மாதிரி வண்டி ஒன்றிலிருந்து எடுத்து மாட்டினார்கள். நான் பில்லைப் பாஸ் செய்தேன். பல்லை யார் எண்ணினார்கள்!

வண்டி வெளியே வந்ததும் டிரைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சார், வண்டி இப்ப ஜிவ்வுனு எடுக்குது சார்" என்றார். மாதக் கடைசியில் கணக்குப் போட்டால் மைலேஜும் கூடியிருந்தது. லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்த வண்டி 8.4 கொடுத்தது. இழுவையும் கூடி, சிக்கனமும் கூடிய அதிசயத்தை அதிகாரி கூட்டத்தில் பாராட்டினார். எனக்கும் பெருமைதான்.

ஆறு மாதம் கழித்துத் தணிக்கை வந்தது. லாக் புத்தகத்தைப் புரட்டியவர் ஒரே ஒரு கேள்வி எழுதினார். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு முன்பெல்லாம் 135 கி.மீ. என்று இருக்கிறது, இப்போது 148 என்று இருக்கிறது, ஊர் எப்போது நகர்ந்தது? டிரைவர் கிலோமீட்டரைக் கூட்டி எழுதி டீசலை விற்கிறார் என்று சந்தேகம். தொகையை அவர் சம்பளத்தில் பிடிக்கக் குறிப்பு வந்துவிட்டது. நான்கு பிள்ளைகள் உள்ள மனிதர். என் மேஜை முன்னால் நின்று, "நான் ஒரு சொட்டு எடுக்கல சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அவரையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கழற்றிய பழைய ஜோடி மூலையில் கிடந்தது. சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டு எண்ணினேன். கிரவுனில் 40, பினியனில் 9. விகிதம் 4.44. இப்போது மாட்டியிருப்பதை மூடி திறந்து எண்ணினோம். 39க்கு 8. விகிதம் 4.875. ஸ்பீடோமீட்டரின் கம்பி கியர்பெட்டியின் வாலிலிருந்து வருகிறது. அது தண்டின் சுற்றைத்தான் எண்ணும், சாலையின் கல்லை எண்ணாது. தண்டு கூடுதலாகச் சுற்றினால் மீட்டரும் கூடுதலாகக் காட்டும். 135ஐ 4.44ஆல் வகுத்து 4.875ஆல் பெருக்கினேன். 148 வந்தது.

உண்மையில் வேன் முன்பைவிட அதிகமாகத்தான் டீசல் குடித்திருந்தது. காரைக்கால் போக ஏறக்குறைய 17 லிட்டர் ஆன இடத்தில் இப்போது சுமார் 17.6 லிட்டர். மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டியதால் காகிதத்தில் சிக்கனம் தெரிந்தது. வேகத்தையும் அதே அளவு கூட்டிக் காட்டியதால் ஜிவ்வென்று போவதாக எங்களுக்குத் தோன்றியதிலும் பாதி மீட்டரின் வேலைதான். டிரைவர் மேல் இருந்த பழி நீங்கியது. பல்லை எண்ணாமல் பில்லைப் பாஸ் செய்ததற்கு எனக்கு ஒரு மெமோ. அது நியாயம்தான். பாராட்டை வாங்கிக்கொண்ட அன்றே ஒரு தடவை மைல் கல்லைப் பார்த்திருந்தால் அந்த மனிதர் என் முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டார்.

பேரனுக்கு நேற்று இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவனிடம் நான் கேட்டது நான்கு கேள்விகள்.

வண்டியை எங்கே ஓட்டுகிறாய்? வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில் 130 கி.மீ. வேகத்தில் வேலைக்குப் போகிறாய் என்றால், நேர்ப்பிடி மேல் கியரில் 3,850 சுற்றாக இருக்கும் எஞ்சின் 4,440க்குப் போகும். காதுக்கும் பர்சுக்கும் ஆகாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு மலையேற்றப் பந்தயத்துக்கு மட்டும்தான் அது வெளியே வரும் என்றால், குட்டை விகிதம் பொருந்தும். இரண்டாவது, முதல் கியரில் இப்போதே டயர் வழுக்குகிறதா? வழுக்கினால் முதலில் டயருக்குச் செலவு செய். மூன்றாவது, மேல் கியரில் உன் எஞ்சின் உச்ச சக்தியின் சுற்றை எட்டுகிறதா, எட்டாமல் மூச்சு வாங்குகிறதா? நான்காவது, மாற்றிய பிறகு லாபத்தை எதை வைத்து அளப்பாய்? உன் காரிலும் மீட்டர் தண்டிலிருந்துதான் சுற்றுகிறது என்றால் அதை நம்பாதே. நிறுத்துக் கடிகாரத்தையும் மைல் கல்லையும் நம்பு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தாத்தா, கராஜ்ல இதுல ஒண்ணைக்கூடக் கேக்கலையே" என்றான்.

"விக்கிறவங்க கேக்க மாட்டாங்கப்பா. வாங்குறவன்தான் கேட்டுக்கணும்" என்றேன்.

மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. அவன் சம்பாதித்த பணம், அவன் கார். இந்த ஞாயிறு மலைப் பாதையில் ஒரு நண்பனை உட்காரவைத்து நேரம் குறித்துக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். முடிவு என்ன என்று தெரிந்ததும் அன்பர்களுக்கு எழுதுகிறேன்.